திப்பணம்பட்டிக்காரர் எழுதிய நாவல்

பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையைத் தெரியாதவர்கள் தென்காசிப் பக்கம் கிடையாது. சந்தைக்குப் பக்கத்துத் திப்பணம்பட்டியில் பிறந்தவர் சு. சமுத்திரம் என்பதுதான் பலருக்குத் தெரியாது. ‘வேரில் பழுத்த பலா’வுக்காக 1990-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர். திருநங்கை ஒருவரின் வாழ்க்கையை மையமாக வைத்துத் தமிழில் வந்த முதல் நாவல் என்று பெரும்பாலும் சொல்லப்படும் ‘வாடாமல்லி’யும் அவர் எழுதியதுதான். ஆனந்த விகடனில் தொடராக வந்து, 1994-இல் நூலானது.

எங்கள் வீட்டில் அதைத் தொடராகத்தான் படித்தோம். பிடித்த தொடர்கதையின் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, சாக்கு ஊசியால் தைத்து வைப்பது அத்தையின் வழக்கம். குற்றாலத்தில் சாரல் விழும் ஆனி, ஆடியில் தென்காசியிலும் காகிதம் நமத்துப்போகும். ஒட்டிக்கொண்ட தாள்களை நகத்தால் பிரித்துப் பிரித்துத்தான் சுயம்புவின் கதையைப் படித்தேன். பொறியியல் படிக்கப் போன கிராமத்துப் பிள்ளை தன்னைப் பெண்ணாக உணர்கிறது, அடிபடுகிறது, டெல்லிவரை போய் மேகலையாகிறது. எனக்குப் பெண்ணாக வேண்டும் என்றெல்லாம் இல்லை. பையன்களைத்தான் பிடித்திருந்தது. ஆனால் அந்தக் கதையில் வருகிற வீட்டுப் பேச்சு எங்கள் வீட்டுப் பேச்சாகவே இருந்தது. “ஏல, கதையத்தான படிச்ச? அதுக்கு எதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?” என்றாள் அத்தை. ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டேன்.

கல்லூரியில் கிடைத்தது கரிச்சான் குஞ்சுவின் ‘பசித்த மானிடம்’ (1978). ஆணுக்கும் ஆணுக்குமான உடல் உறவை அந்தக் காலத்தில் அவ்வளவு துணிச்சலாக எழுதியவர் வேறு யார்? பெரிய நாவல், சந்தேகமில்லை. ஆனால் அதில் வரும் கணேசனுக்கு வாய்ப்பது தொழுநோய். எழுதியவர் அதைத் தண்டனையாக நினைக்கவில்லை என்பது இப்போது புரிகிறது. பத்தொன்பது வயதில் தூக்கம் போயிற்று.

கி. ராஜநாராயணனின் ‘கோமதி’ வேறு மாதிரி. கி.ரா. இடைசெவல்காரர், குற்றாலத்தில் இருந்த இலக்கிய ரசிகர் டி.கே.சி.யைத் தேடி வந்துபோனவர். பெண்மை கலந்த நடையும் பேச்சும் கொண்ட ஆண் ஒருவரைக் கதையின் நாயகராக்கி, சங்கரன்கோவில் அம்மன் பெயரையே அவருக்குச் சூட்டியிருக்கிறார். சிவன் பாதி, திருமால் பாதியாகச் சங்கரநாராயணர் நிற்கிற ஊர் அது! கரிசல்காட்டில் இப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள், ஊருக்கும் தெரியும் என்பதைக் கி.ரா. போகிறபோக்கில் சொல்லிவிடுகிறார். இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு என்று யாராவது ஆரம்பித்தால் இந்தக் கதையைத்தான் கையில் கொடுக்கிறேன்.

இவர்கள் யாரும் அந்த வாழ்க்கையை வாழ்ந்தவர்கள் அல்லர். சமுத்திரத்திடம் நிறைய இருந்தது இரக்கம். அதன் ஈரம் சில இடங்களில் சொதசொதவென்றும் ஆகிவிடுகிறது. லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான், சரவணன் வித்யா’ (2007) வந்ததும் அந்தக் குரல் மாறியது. முதுகலை படித்தவர் புனே ரயிலில் கைதட்டிக் காசு கேட்ட நாட்களை அழாமல் எழுதுகிறார், நடுநடுவே கிண்டலும் செய்கிறார். 2015-இல் கன்னடத்தில் அது படமாகவும் வந்தது. ரேவதியின் தன்வரலாறு, பிரியா பாபுவின் ‘மூன்றாம் பாலின் முகம்’ எல்லாம் இந்த வரிசைதான். இவற்றைப் படித்த பிறகு குற்றாலம் பேரருவிக்குப் போனால், ஆண்கள் ஒரு பக்கம் பெண்கள் ஒரு பக்கம் என்று பிரித்துவிடும் கம்பித் தடுப்பு கண்ணில் படாமல் போகாது. திருநங்கை ஒருவர் அங்கே எந்தப் பக்கம் குளிப்பார் என்று முன்பு நான் யோசித்ததே இல்லை.

என் கதை இன்னும் சரியாக எழுதப்படவில்லை என்பதே என் குறை. கிரீஷின் ‘விடுபட்டவை’ அந்த இடத்தை ஓரளவு நிரப்புகிறது. ஆங்கிலத்தில் இ.எம். ஃபார்ஸ்டர் இரண்டு ஆண்களின் காதலைச் சொல்லும் ‘மாரிஸ்’ நாவலை 1913–14-லேயே எழுதிவிட்டு, சட்டத்துக்கும் ஊர்வாய்க்கும் அஞ்சிப் பூட்டி வைத்தார். அவர் இறந்த பிறகு 1971-இல்தான் அது அச்சேறியது. இரண்டு ஆண்களும் கடைசியில் சேர்ந்து வாழ்ந்தே ஆகவேண்டும் என்று பிடிவாதமாக இருந்திருக்கிறார். நம் ஊரில் ஒருபாலுறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவின் பிடி 2018 செப்டம்பரில் தளர்ந்துவிட்டது. ஆனாலும் தென்காசி ரத வீதியில் வாடகைக்கு வீடு பிடித்துச் சேர்ந்து வாழும் இரண்டு ஆண்களைப் பற்றி ஒரு நாவலும் என் கண்ணில் படவில்லை. சோகமில்லாமல் முடியும் அப்படி ஒன்றை யாராவது எழுதுங்கள்.

அதுவரை ‘வாடாமல்லி’யைப் படிக்கலாம். சமுத்திரத்தின் நூல்கள் நாட்டுடைமையானவை. விக்கிமூலத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. உங்கள் ஊர் நூலகத்திலும் ஒரு பிரதி கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.