மயக்க ஊசித் துப்பாக்கிக்கு எந்த டெலஸ்கோப்?

2022 நவம்பரில் தென்காசி மாவட்டம் கடையம் அருகே மலையடிவாரத்தில் ஒரு கரடி மூன்று பேரைக் கடித்துக் குதறியது. வனத்துறையினர் மயக்க ஊசி செலுத்தி அதைப் பிடித்து, களக்காடு மலைக்குக் கொண்டுபோய் விட்டார்கள். சில நாட்களில் அது இறந்தும் போனது. இப்படி வெறிகொண்ட விலங்கின் முன்னால் கால்நடை மருத்துவர் ஏன் இருபது, முப்பது மீட்டருக்குள் போய் நிற்க வேண்டும்? துப்பாக்கியில்தான் டெலஸ்கோப் இருக்கிறதே!

ரைபிள் குண்டு விநாடிக்கு 800 மீட்டர் வேகத்தில் பாய்கிறது என்று வைத்துக்கொள்வோம். 100 மீட்டரைக் கடக்க அதற்கு எட்டில் ஒரு பங்கு விநாடி போதும். அதற்குள் புவியீர்ப்பு அதை 8 சென்டிமீட்டர் இறக்கியிருக்கும், அவ்வளவுதான். மருந்து நிரப்பிய ஊசியை அந்த வேகத்தில் விட்டால் விலங்கு மயங்காது, செத்துவிடும். அதனால் பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு வாயுவின் அழுத்தத்தில் ஊசியை மெதுவாகத் தள்ளுகிறார்கள். விநாடிக்கு 60 மீட்டர் வேகம் என்றால் 30 மீட்டர் போக அரை விநாடி. அந்த அரை விநாடியில் ஊசி 1.2 மீட்டர் கீழே இறங்கிவிடும்.

வம்பு இங்கேதான். 30 மீட்டரில் நிற்கும் கரடியை 25 மீட்டர் என்று கண்ணால் கணித்துச் சுட்டால், ஊசி குறியிலிருந்து 20 சென்டிமீட்டர் தாழ்ந்து போகும். தோள்சதைக்கு வைத்த ஊசி நெஞ்சுக்கூட்டிலோ வயிற்றிலோ பாயும். ஆகவே விலை உயர்ந்த டெலஸ்கோப்பைத் தேடுவதற்கு முன்னால் ஒரு லேசர் தூரமானி வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

டெலஸ்கோப்பின் மேல் 3-9×40 என்று எழுதியிருந்தால், உருவத்தை 3 முதல் 9 மடங்கு வரை பெரிதாக்கும், முன்கண்ணாடியின் விட்டம் 40 மில்லிமீட்டர் என்று பொருள். ஒன்பது மடங்கு என்றதும் ஆசை வரும். ஆனால் 25 மீட்டரில் அதைத் திருகி வைத்துப் பார்த்தால் கரடியின் எந்தப் பாகம் என்றே தெரியாமல் வெறும் ரோமம்தான் தெரியும். கை நடுக்கமும் ஒன்பது மடங்காகும். வெளிச்சக் கணக்கு வேறு இருக்கிறது. முன்கண்ணாடி விட்டத்தை மடங்கால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 9 மடங்கில் அது 4.4 மில்லிமீட்டர், 4 மடங்கில் 10. அந்திப் பொழுதில் நம் கண்பாவை 5 முதல் 7 மில்லிமீட்டர் வரை விரியும்; ஒளிக்கற்றை அதைவிடக் குறுகினால் காட்சி இருண்டு தெரியும். தென்காசி மாவட்டத்தின் வடகரை, மேக்கரைத் தோப்புகளுக்கு யானைகள் இறங்குவது பொழுது சாய்ந்த பிறகுதான். என் கணக்கில் நாலு மடங்கே தாராளம்.

இன்னொன்றையும் கடையில் கேட்டு வாங்க வேண்டும். சாதாரண ரைபிள் டெலஸ்கோப்புகள் பலவும் 100 கஜத்துக்கு ஏற்பச் சரிசெய்யப்பட்டவை. 25 மீட்டரில் கண் சற்று விலகினாலே குறுக்குக்கோடு குறியை விட்டு நகர்ந்ததுபோல் தெரியும். கிட்டத் தூரத்துக்குத் திருப்பி வைக்கும் வசதி உள்ளதே இதற்குப் பொருந்தும். குற்றாலச் சாரலில் வேலை செய்யப் போகிறவர்கள் உள்ளே நைட்ரஜன் நிரப்பி அடைத்ததாகப் பார்த்து எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கண்ணாடிக்கு உட்புறம் ஆவி படியும், எதைக் கொண்டு துடைப்பது?

பொருத்துவது பொறுமை கேட்கும் வேலை. துப்பாக்கியின் மேலுள்ள தண்டவாளப் பள்ளத்தில் எண்ணெய்ப் பிசுக்கைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு வளையங்களின் அடிப்பாதியை முதலில் முடுக்க வேண்டும். டெலஸ்கோப்பை அதில் கிடத்தி, மேல்பாதியைத் தளர்வாக வைத்து, கண்ணை மூடித் துப்பாக்கியைத் தோளில் ஏற்றிக் கண்ணைத் திறந்து பாருங்கள். ஓரத்தில் கறுப்புப் பிறை தெரிந்தால் முன்னே பின்னே நகர்த்தி, முழு வட்டம் தெரியும் இடத்தில் நிறுத்த வேண்டும். பிறகு துப்பாக்கியை ரசமட்டம் வைத்து நேராக்கி, எதிரே கொத்தனாரின் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, நிமிர்ந்த கோடு அந்த நூலோடு ஒட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். 1.2 மீட்டர் இறங்கும் ஊசிக்குச் சுடுபவர் கையில் 5 டிகிரி சாய்வு இருந்தாலும் 30 மீட்டரில் 10 சென்டிமீட்டர் பக்கவாட்டில் விலகும். கோடு நேராக இருந்தால்தான் அந்தச் சாய்வு கண்ணுக்குப் படும். கடைசியாக, கார் சக்கர நட்டுகளை முடுக்குவதுபோல் எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாகத் திருகுகளை இறுக்க வேண்டும். பலத்தைக் காட்டினால் குழாய் நசுங்கும்.

டெலஸ்கோப், துப்பாக்கிக் குழலைவிடச் சில சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதால் அதன் பார்வைக்கோடும் ஊசியின் பாதையும் குறிப்பிட்ட தூரத்தில்தான் சந்திக்கும். அந்தத் தூரத்தை மருந்துக்குப் பதில் தண்ணீர் நிரப்பிய, அதே எடையுள்ள ஊசிகளைச் சுட்டுப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். 15, 20, 25, 30 மீட்டர் என்று ஒவ்வொன்றுக்கும் வாயு அழுத்தம் எவ்வளவு என்று எழுதித் துப்பாக்கியிலேயே ஒட்டிவைப்பது நல்லது. இந்த வேலையை மட்டும் எந்த விலையுள்ள கருவியும் நமக்காகச் செய்து தராது.

காற்றுக்கு எந்தத் திருகிலும் மருந்தில்லை. தென்மேற்குப் பருவத்தில் ஆரியங்காவு கணவாய் வழியே தென்காசிக்கு வரும் காற்று காற்றாலைகளையே சுழற்றுகிறது. அரை விநாடி அந்தரத்தில் இருக்கும் ஊசி அதற்கு எம்மாத்திரம்? காற்று அடங்கும்வரை காத்திருக்க வேண்டும், அல்லது இன்னும் நெருங்க வேண்டும்.

இத்தனையும் சரியாக இருந்தாலும் நினைத்தபடி சுட்டுவிட முடியாது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, கரடி, யானை போன்ற முதல் அட்டவணை விலங்குகளுக்கு ஊசி போடவும் தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்துபூர்வ ஆணை வேண்டும். பிடிக்கவோ மயக்கவோ இடம் மாற்றவோ முடியாது என்று அவருக்குத் தெளிவானால் மட்டுமே கொல்ல உத்தரவிடலாம். ஆக, அந்த ஓர் ஊசி குறியில் விழுவதைப் பொறுத்தே விலங்கின் உயிரும் இருக்கிறது. ஊருக்குள் கரடியோ யானையோ வந்தால் கைப்பேசியை நீட்டிக்கொண்டு கூட்டமாகத் துரத்தாதீர்கள். மிரண்டு ஓடும் விலங்கின் தூரத்தைத் தூரமானியால் அளந்து சுடுவது கடினம். வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டு வீட்டுக்குள் இருங்கள்.