மல்லகம்பமும் அதன் விஞ்ஞானமும்

மைசூர் அரண்மனைக்கு அருகில் அக்ரஹாரம் என்னும் பழைய குடியிருப்புப் பகுதி உள்ளது. அதன் பெயர் வேதம் ஓதியோருக்கு வழங்கப்பட்ட குடியிருப்புகளை நினைவூட்டுவதாயினும், அதனைச் சூழ்ந்த பழைய நகரம் கல்விக்கு மட்டுமன்றி மல்யுத்தத்திற்கும் பெயர் பெற்றதாகும். செம்மண் பரப்பிய மல்யுத்தக் கூடத்தைக் கன்னடத்தில் ‘கரடி மனை’ என்பர். தமிழிலும் ‘கரடிக்கூடம்’ என்ற சொல் முன்பு வழங்கி வந்தது. தசராக் காலத்தில் மைசூரில் மல்யுத்தப் போட்டிகள் நடைபெறும் வழக்கம் இன்றும் தொடர்கிறது.

மைசூர் மன்னர் மும்முடி கிருஷ்ணராஜ உடையார் (1794–1868) தொகுப்பித்த ‘ஸ்ரீதத்வநிதி’ என்னும் நூலில் 122 ஆசனங்கள் சித்திரங்களுடன் விளக்கப்பட்டுள்ளன. அவற்றுள் சில, தொங்கும் கயிற்றைப் பற்றிக்கொண்டு செய்யப்படுபவை. யோகாசனமும் மல்லர்களின் தேகப் பயிற்சியும் அக்காலத்தில் ஒன்றற்கொன்று தொடர்பின்றி வளரவில்லை என்பதற்கு இச்சித்திரங்கள் சான்றாகும்.

மல்லர்கள் கம்பத்தில் பயிற்சி செய்ததைப் பற்றிய குறிப்பு இதனினும் மிகப் பழமையானது. கல்யாணியைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட மேலைச் சாளுக்கிய மன்னர் மூன்றாம் சோமேசுவரர் 12ஆம் நூற்றாண்டில் இயற்றிய ‘மானசோல்லாசம்’ என்ற நூலில் அது காணப்படுகிறது. பின்னர் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் அவையைச் சேர்ந்த பாலம்பட்ட தாதா தேவதர் இப்பயிற்சிக்குப் புத்துயிர் அளித்தார். அதுவே மல்லகம்பம். தமிழ்நாட்டில் இதனை மல்லர் கம்பம் என வழங்குவர். விழுப்புரம் இங்கு இக்கலைக்குச் சிறப்பான நிலையமாக விளங்குகிறது.

இரு கம்பங்கள்

மேலைநாடுகளில் ‘போல் டான்ஸ்’ எனப்படும் கம்ப நடனம் இரவு விடுதிகளில் பரவி, 1990களிலிருந்து தேகப் பயிற்சியாகவும் கற்பிக்கப்பட்டு வருகிறது. 2009இல் இதற்கெனச் சர்வதேச சம்மேளனம் ஒன்று நிறுவப்பட்டது. 2012இல் லண்டனில் உலகப் போட்டி நடைபெற்றது. சர்வதேச விளையாட்டுச் சம்மேளனங்களின் பொது அமைப்பாக அப்போது இருந்த சபை, 2017இல் இவ்விளையாட்டிற்குப் பார்வையாளர் தகுதி அளித்தது. இன்று பல நாடுகளில் ஆண்களும் பெண்களும் சிறுவர்களும் இதனைப் பயில்கின்றனர்.

பிறப்பிடம் காரணமாக இவ்விளையாட்டைச் சிலர் இகழ்வதுண்டு. மல்லகம்பத்தையோ அனைவரும் போற்றுகின்றனர். 1936இல் பெர்லின் ஒலிம்பிக் பந்தயங்களின்போது அமராவதியிலிருந்து சென்ற குழுவினர் இந்தியத் தேகப் பயிற்சி முறைகளைச் செய்து காட்டியபோது மல்லகம்பமும் இடம்பெற்றது. 1981இல் உஜ்ஜயினியில் இதற்கென அகில இந்திய சம்மேளனம் அமைக்கப்பட்டது. 2013இல் மத்தியப் பிரதேச அரசு இதனை மாநில விளையாட்டாக அறிவித்தது. 2019இல் மும்பையில் முதலாவது உலகப் போட்டி நடந்தது. 2022இல் அரியானா மாநிலத்தில் நடைபெற்ற கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளிலும் மல்லகம்பம் சேர்க்கப்பட்டது.

மதிப்பில் இவ்வளவு வேறுபாடு இருப்பினும், கம்பத்தின் மேல் உடலை நிறுத்தும் இயற்கை விதி இரண்டிற்கும் ஒன்றே. அவ்விதியை அறிந்த ஆசிரியர் பெயரைக் கொண்டு ஒரு பயிற்சியை ஏற்கவோ தள்ளவோ மாட்டார். அது செய்யப்படும் முறையையே ஆராய்வார்.

உராய்வின் கணக்கு

செங்குத்தான கம்பத்தைப் பற்றியிருப்பவரின் எடையைத் தாங்குவது உராய்வு விசை. உராய்வு விசை, அழுத்தும் விசையையும் தொடும் பரப்புகளின் தன்மையையும் பொறுத்தது. 50 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் தம் இரு தொடைகளால் கம்பத்தை இருபுறமும் அழுத்திக்கொண்டு, கைகளை விட்டு நிற்பதாகக் கொள்வோம். உராய்வுக் குணகம் 0.5 ஆக இருப்பின், ஒவ்வொரு தொடையும் 50 கிலோகிராம் எடைக்குச் சமமான விசையுடன் அழுத்த வேண்டும். குணகம் 0.25 ஆகக் குறைந்தால் 100 கிலோகிராம் எடைக்குச் சமமான விசை வேண்டும். திருவிழாவில் எண்ணெய் பூசிய வழுக்குமரத்தில் ஏறுவோர் படும் பாட்டிற்கு இதுவே காரணம்.

மனிதத் தோல் மரத்தையோ உலோகத்தையோ போன்றதன்று. சிறிதளவு ஈரம் தோலை மிருதுவாக்கி, அது கம்பத்துடன் நன்கு படிந்து பற்றுவதற்கு உதவும். வியர்வை மிகுந்து படலமாகப் படிந்துவிட்டாலோ பிடி நழுவும். எஃகுக் கம்பத்தில் பயில்வோர் கைகளில் வெண்பொடி தடவிக்கொள்வதும், கம்பத்தை அடிக்கடி துடைப்பதும் இதன் பொருட்டேயாம். அவர்கள் குறைந்த உடை அணிவதும் பெரும்பாலும் இக்காரணத்தினாலேயே. துணி எஃகின் மேல் வழுக்கும். முழங்கால் மடிப்பும் உட்தொடையும் அக்குளும் நேரடியாகக் கம்பத்தைத் தொட்டால்தான் பிடி நிற்கும். மல்லகம்ப வீரர் கச்சை மட்டும் அணிவதற்கும் காரணம் இதுவே. ஓரிடத்தில் மரபு என ஏற்கப்படுவது மற்றோரிடத்தில் குற்றமாகக் கருதப்படுவது விஞ்ஞான நோக்கிற்குப் பொருந்தாது.

கருவிகளில் மட்டும் வேறுபாடு உண்டு. போட்டிகளுக்குரிய எஃகுக் கம்பம் 4 மீட்டர் உயரமும் 45 மில்லிமீட்டர் விட்டமும் உடையது. ஒரு கம்பம் அசையாதது. மற்றொன்று தன் அச்சில் சுழலக்கூடியது. மல்லகம்பமோ தேக்கு போன்ற உறுதியான மரத்தால் ஆனது. அடியில் பருத்து, மேலே செல்லச் செல்ல மெலிந்து, உச்சியில் குமிழுடன் முடிவது. இதன் மேல் விளக்கெண்ணெய் தடவுவர். எண்ணெய் உராய்வைக் குறைத்துத் தோல் சிராயாமல் காக்கிறது. அதனால் பிடி குறைவதைத் தசைகளின் வலிமையே ஈடு செய்ய வேண்டும். மல்லர்களுக்கு இப்பயிற்சி ஏற்றதாயிருந்ததன் காரணம் இதனால் விளங்கும்.

கயிற்றின் உதவி

மல்லகம்பத்தின் மற்றொரு வகையில், மேலிருந்து தொங்கும் பருத்திக் கயிற்றில் பயில்வர். பெண்கள் இதில் பெரிதும் சிறந்து விளங்குகின்றனர். கால் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையே கயிற்றைக் கவ்வி ஏறி, உடலைச் சுற்றிக்கொண்டு ஆசன நிலைகளை அடைவர். இங்குச் செயற்படுவது சுற்றின் விதி. கயிறு ஒரு பொருளைச் சுற்றும்போது, ஒவ்வொரு சுற்றிற்கும் பிடி பன்மடங்காகப் பெருகும். உராய்வுக் குணகம் 0.3 எனக் கொண்டால், ஒரு சுற்றில் பிடி சுமார் 6.6 மடங்காகும், இரு சுற்றில் 43 மடங்காகும். முரட்டுக் காளையின் கயிற்றைக் கட்டுத்தறியில் இரு முறை சுற்றிச் சிறுவனும் பிடித்து நிறுத்துவதை உழவர் அனைவரும் அறிவர். வகுப்பில் ஒரு கழியையும் சிறு கயிற்றையும் கொண்டு இவ்விதியை எளிதில் மெய்ப்பித்துக் காட்டலாம்.

கொடி நிலை

கம்பத்தை இரு கைகளால் பற்றி, உடலைக் கொடிபோல் பக்கவாட்டில் நீட்டி நிற்கும் நிலையை எடுத்துக்கொள்வோம். உடலின் எடை 50 கிலோகிராம். ஈர்ப்பு மையம் கம்பத்திலிருந்து 60 சென்டிமீட்டர் தொலைவில் உள்ளது. கைகளுக்கு இடையே உள்ள தூரம் 75 சென்டிமீட்டர். 50ஐ 60ஆல் பெருக்கி 75ஆல் வகுத்தால் 40 கிடைக்கும். அதாவது, மேற்கை 40 கிலோகிராம் எடைக்குச் சமமான விசையுடன் இழுக்க, கீழ்க்கை அதே விசையுடன் தள்ள வேண்டும். இதற்கு மேல் உடலின் எடையையும் அக்கைகளே தாங்க வேண்டும். கைகளை நெருக்கமாக வைத்தால் பாரம் கூடும். முழங்காலை மடக்கினால் குறையும். ஆகவே, மாணவர் முதலில் முழங்கால்களை மடக்கியே பழக வேண்டும். தோளும் மணிக்கட்டும் வலுப்பெற்ற பின்னரே கால்களை நீட்டலாம்.

ஆசிரியர் கவனத்திற்கு

இரண்டரை மீட்டர் உயரத்திலிருந்து விழுபவர் மணிக்கு சுமார் 25 கிலோமீட்டர் வேகத்தில் தரையை அடைவார். மெத்தை 10 சென்டிமீட்டர் அமுங்கி அவரை நிறுத்துமாயின், சராசரியாக அவர் எடையைப் போல் சுமார் 26 மடங்கு விசை அவர் மேல் தாக்கும். 30 சென்டிமீட்டர் அமுங்குமாயின் அது சுமார் 9 மடங்காகக் குறையும். கனத்த மெத்தையின் பயன் இக்கணக்கிலிருந்து தெளிவாகும். மெத்தையின்றிக் கடினத் தரையில் கம்பம் நட்டுச் சிறுவர்களை ஏறவிடுவது மன்னிக்கத்தகாத அஜாக்கிரதையாகும்.

கம்பம் தரையில் ஆழமாகப் பதிந்து அசையாதிருக்கிறதா, மரத்தில் வெடிப்போ சிம்போ உள்ளதா, கயிறு தேய்ந்துள்ளதா என்று நாள்தோறும் பார்த்தல் வேண்டும். மோதிரம், வளையல், கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றச் செய்தல் வேண்டும். உணவு உண்ட உடனே பயிற்சி கூடாது. ஏறுவதற்கு முன் இறங்கக் கற்பித்தல் வேண்டும். பிடி தளர்ந்தவுடன் வழுக்கியபடியே மெல்ல இறங்கத் தெரிந்த மாணவனுக்கு அச்சமும் குறையும், ஆபத்தும் குறையும். தலைகீழ் நிலைகளைப் பயிலும்போது பயிற்சி பெற்ற ஒருவர் அருகில் நின்று தாங்க ஆயத்தமாயிருத்தல் அவசியம். தோளிலோ மணிக்கட்டிலோ வலி தோன்றினால் அன்றே பயிற்சியை நிறுத்திவிட வேண்டும்.

மல்லகம்பத்திற்குப் பெரிய கட்டிடமோ விலையுயர்ந்த இயந்திரமோ தேவையில்லை. ஓர் உறுதியான மரம், ஒரு கயிறு, சில மெத்தைகள், கவனமுள்ள ஓர் ஆசிரியர் ஆகியவை போதும். இவற்றுள் முதல் மூன்றையும் கிராமப் பள்ளியிலும் தேடிக்கொள்ளலாம். நான்காவது இல்லாத இடத்தில் கம்பம் நடாதிருப்பதே நலம்.