சிறப்பு முகாம் உத்தரவு: உறவினர் செய்ய வேண்டியவை

ஜாமீன் கிடைத்துவிட்டால் துன்பம் தீர்ந்தது என்று நம்பி, ஜாமீன்தாரரையும் சொத்துவரி ரசீதையும் தேடி அலைவதிலேயே காலத்தைப் போக்கிவிட்டு, மகனை அழைத்துப்போகச் சிறைவாயிலில் ஆட்டோவை நிறுத்திக் காத்திருக்கையில், அவனைத் திருச்சி சிறப்பு முகாமுக்குக் கொண்டுபோகிறார்கள் என்று கேட்டுத் திகைத்து நிற்கும் ஈழத்தமிழ்க் குடும்பங்களை எத்தனையோ முறை கண்டாயிற்று. காலாப்பட்டை அடுத்த கீழ்ப்புத்துப்பட்டு முகாமிலிருந்து புதுவைக்குக் கூலிவேலைக்கு வந்துபோகும் மக்களுக்கு இந்த அபாயத்தை யாரும் முன்கூட்டி எடுத்துச் சொல்வதில்லை. சொன்னாலும், "நமக்கா வரப்போகிறது" என்று அவர்கள் காதில் போட்டுக்கொள்வதில்லை.

சிறப்பு முகாம்கள் 1990 வாக்கில் தோன்றியவை. அவை சிறையல்ல, வசிப்பிடத்துக்கு விதித்த வரம்பு மட்டுமே என்பது சர்க்காரின் வாதம். திருச்சி மத்தியச் சிறை வளாகத்துக்குள் இருக்கும் இடத்தைச் சிறையல்ல என்றால் எந்தத் தாய் நம்புவாள்? ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தண்டிக்கப்பட்டு, 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் விடுவித்த சாந்தன், விடுதலைக்குப் பின்னும் அங்கேயே வைக்கப்பட்டு, தாயகம் திரும்பப் பயண ஆவணம் கிடைத்திருந்த நிலையில், 2024 பிப்ரவரி 28 அன்று சென்னை மருத்துவமனையில் காலமானார். தேசியப் பாதுகாப்புச் சட்டத்தைக் கொடியது என்கிறோம். அதிலேனும் காவலுக்கான காரணங்களைச் சாதாரணமாக 5 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், 3 வாரத்துக்குள் ஆலோசனைக் குழுவின் முன் வைக்க வேண்டும், 12 மாதம் என்ற உச்சவரம்பும் உண்டு. முகாம் உத்தரவுக்குக் குழுவும் இல்லை, கெடுவும் இல்லை. இவற்றை அதற்கும் விதியாக்கினால் தேசப் பாதுகாப்புக்கு என்ன குந்தகம் நேரும் என்று அதிகாரிகள்தாம் சொல்ல வேண்டும்.

அப்படியொரு விதி வரும்வரை வாளாவிருக்கலாகாது. முதற்காரியம், உத்தரவின் நகலைக் கேட்பது. வாய்மொழியாக அன்று, எழுத்தில். சென்னைத் தலைமைச் செயலகப் பொதுத்துறைச் செயலருக்கும் திருச்சி மாவட்ட ஆட்சியருக்கும் மனு அனுப்பி, ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். தகவல் உரிமைச் சட்டம் இந்தியப் பிரஜைகளுக்கே உரியதாகையால், அகதியின் பெயரில் போடும் விண்ணப்பம் பயன்படாது.

2025 செப்டம்பர் 1 முதல், முகாம் உத்தரவுகளுக்கு ஆதாரமாயிருந்த 1946-ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டத்தை நீக்கிப் புதிய குடியேற்றச் சட்டம் நடப்புக்கு வந்திருக்கிறது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு பெற்ற இலங்கைத் தமிழருக்கு, கடவுச்சீட்டு இல்லை என்பதற்கான தண்டனையிலிருந்து விலக்கும் தரப்பட்டுள்ளது. ஆனால் பதிவைக் காட்டினால்தானே விலக்கு? அகதி அடையாள அட்டையின் நகலை வீட்டில் ஒன்றும் வக்கீலிடம் ஒன்றும் வையுங்கள். மழையில் நனைந்து எழுத்தழிந்த அட்டையோடு வருபவர்களிடம் என்ன சொல்வது!

காவலில் உள்ள எவருக்கும், வருமானம் எவ்வளவாயினும், அந்நியராயினும், 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி இலவச வக்கீல் உண்டு. அழைக்க வேண்டிய எண் 15100. கைது புதுவை எல்லையில் நடந்தால் வழக்குக்குப் புதுவைச் சட்டப்பணிகள் ஆணையத்தை நாடுங்கள். முகாம் உத்தரவோ தமிழ்நாட்டு அரசினுடையது. ஒருவர் திருச்சியில் அடைபட்ட பின் அதை எதிர்க்கும் மனு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போக வேண்டும், சென்னைக்கு அன்று. இடம் மாறிப் போட்டு வாரக்கணக்கில் இழந்தவர்கள் உண்டு. மறுபடியும் சொல்கிறேன்: உத்தரவின் நகல் இல்லாமல் வக்கீலிடம் போகாதீர்கள். நகலைத் தர மறுத்தால், மறுத்த தேதியையும் அதிகாரியின் பதவியையும் குறித்துக்கொண்டு, ஒப்புகைச் சீட்டோடு சேர்த்து மனுவில் இணைக்கச் சொல்லுங்கள்.