திருவண்ணாமலைக்கு எத்தனை எழுத்து?

ரமணாசிரமத் தெருவில் ஒரு சிறு பிள்ளையைக் கேட்டாலும் 'திருவண்ணாமலை' ஏழெழுத்து என்று சொல்லிவிடும். கணிப்பொறியின் கணக்கோ வேறு. தரவுத்தளங்களில் நீளம் அளக்க 'லெங்த்' என்னும் உள்ளமைந்த சார்பு உண்டு. போஸ்ட்கிரஸில் அது 12 என்கிறது. கொம்பு, கால், புள்ளி எல்லாவற்றையும் யூனிகோடு தனித்தனிக் குறிகளாக வைத்திருப்பதே காரணம். மை எஸ்கியூஎல்லில் அதே சார்பு 36 என்கிறது! அது எண்ணுவது பைட்டுகளை; யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட்டுகள். அங்கே 12 வேண்டுமானால் 'கேர்_லெங்த்' என்று கேட்கவேண்டும். எஸ்கியூஎல் சர்வரிலோ சார்பின் பெயரே 'லென்'.

'ரமணா' என்று ஆங்கில எழுத்தில் இட்டுச் சோதித்தால் எல்லாம் 6 என்றே சொல்லும், வேற்றுமை வெளிப்படாது. 30க்கு மேல் ஏற்காதே என்று மை எஸ்கியூஎல் 'லெங்த்'தை நம்பிக் கட்டளை எழுதிவிட்டால், எங்கள் ஊர்ப்பெயரே விண்ணப்பத்தில் நுழையாது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி விண்ணப்பம் நிரப்பியவன் நான். 'பெயர் நீளம்' என்று திரை மறுத்தால் வீட்டில் யாரைக் கேட்பது?