ஐயாயிரம் கிலோமீட்டர் தாளம்

பெரம்பலூர் மாவட்டத்தில் பச்சைமலையின் அடிவாரத்தை ஒட்டி அரும்பாவூர் என்னும் ஊர் இருக்கிறது. மரச் சிற்பங்களுக்குப் பெயர் பெற்ற ஊர். இவ்வூர்ச் சிற்பங்களுக்கு 2020-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது. அங்கே சிற்பி ஒருவர் திறந்த வெளியில் அமர்ந்து, கொட்டாப்புளியால் உளியின் தலையில் அடிப்பதைச் சற்றுத் தொலைவிலிருந்து பாருங்கள். கொட்டாப்புளி உளியைத் தொடுவது முதலில் தெரியும். "டொக்" என்னும் ஓசை பிறகுதான் வரும். நீங்கள் 170 மீட்டர் தள்ளி நின்றால், சரியாக அரை விநாடி கழித்து வரும். ஏனெனில் காற்றில் ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் செல்கிறது.

"இது ஏழாம் வகுப்பிலேயே படித்ததுதானே!" என்பீர்கள். உண்மைதான். ஆனால் இந்தச் சிறிய உண்மை, இதே ஊரைச் சேர்ந்த என் மாணவன் ஒருவனைத் தன் கலையையே கைவிடும் நிலைக்குக் கொண்டுபோயிற்று. பிறகு இயற்பியலே அவனைக் காப்பாற்றவும் செய்தது. அந்தக் கதையைச் சொல்வதற்கு முன் வேறொரு கோட்டைக்குள் சென்று வருவோம்.

கோட்டைக்குள் எபிரேய இசை

இராஜஸ்தானத்தில் ஜோத்பூர் நகரின் குன்றின்மேல் மெஹ்ரான்கர் கோட்டை நிற்கிறது. 1459-இல் ராவ் ஜோதா என்னும் அரசர் தொடங்கிய கோட்டை அது. 2015-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அதன் அறை ஒன்று ஒலிப்பதிவுக் கூடமாக மாறியது. இஸ்ரேல் நாட்டைச் சேர்ந்த ஷை பென் சூர் என்னும் இசையமைப்பாளர், இங்கிலாந்தின் ஜானி கிரீன்வுட், "இராஜஸ்தான் எக்ஸ்பிரஸ்" என்னும் பெயரில் ஒன்றுசேர்ந்த கவ்வாலிப் பாடகர்கள், மாங்கணியார் கலைஞர்கள், பித்தளை வாத்தியக் குழுவினர் ஆகியோர் ஒரே அறையில் கூடி "ஜுனூன்" என்னும் இசைத் தொகுப்பை உருவாக்கினர். அதில் எபிரேயம், உருது, இந்தி ஆகிய மொழிகளில் பாடல்கள் உள்ளன. அதே ஆண்டு நவம்பரில் அது வெளிவந்தது.

அந்த அறையில் புறாக்கள் பறந்தன; இடையிடையே மின்சாரமும் நின்றது. ஆயினும் தாளத்துக்குக் கேடு வரவில்லை. காரணம் என்ன? வாசித்தவர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் சில மீட்டர் தொலைவில் அமர்ந்திருந்தார்கள். ஒலி ஒரு மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 3 மில்லி விநாடி ஆகும். மில்லி விநாடி என்பது ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு. எனவே பக்கத்தில் இருப்பவரின் அடி நம் காதுக்கு வர 6 அல்லது 9 மில்லி விநாடி போதும். இவ்வளவு சிறிய காலத்தை நம் காது பொருட்படுத்துவதில்லை. நமது கச்சேரி மேடையிலும் பாடகருக்கும் மிருதங்கக்காரருக்கும் நடுவே இப்படித்தான் இருக்கிறது.

ஆனால் இந்தத் தாமதம் 25 முதல் 30 மில்லி விநாடியைத் தாண்டினால், சேர்ந்து வாசிப்பது கடினமாகிறது. ஒருவர் மற்றவரின் அடியைக் கேட்டு, "நான் முந்திவிட்டேனோ" என்று எண்ணிச் சற்றே காத்திருக்கிறார். மற்றவரும் அப்படியே எண்ணிக் காத்திருக்கிறார். இருவரும் ஒருவருக்கொருவர் வழிவிட்டு வழிவிட்டு, காலப்பிரமாணம் தளர்ந்துகொண்டே போகிறது. இது யாருடைய குற்றமும் அன்று. இடையில் உள்ள தூரத்தின் வேலை.

ஒளிக்கும் நேரம் வேண்டும்

சரி, இணையத்தில் செய்தி செல்வது ஒலியாக அல்லவே, ஒளியாக அல்லவா என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி. ஒளி வெற்றிடத்தில் விநாடிக்கு 3,00,000 கிலோமீட்டர் செல்கிறது. ஆனால் கடலடியில் கிடக்கும் கண்ணாடி இழைக்குள் அதன் வேகம் குறைந்து சுமார் 2,00,000 கிலோமீட்டர் ஆகிவிடுகிறது. கண்ணாடியின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.5 என்பதே இதற்குக் காரணம்.

சென்னையிலிருந்து இஸ்ரேலின் டெல் அவீவ் நகருக்கு நேர்த்தொலைவு சுமார் 5,000 கிலோமீட்டர். 5,000-ஐ 2,00,000-ஆல் வகுத்தால் 0.025 விநாடி, அதாவது 25 மில்லி விநாடி கிடைக்கும். போய்வர 50 மில்லி விநாடி. கம்பிவடம் நேர்க்கோட்டில் செல்வதில்லை; கடலைச் சுற்றி வளைந்து செல்கிறது. வழியிலுள்ள பொறிகளும், இரு முனையிலுள்ள கணிப்பொறிகளும் ஒலியைத் துண்டு துண்டாகச் சேர்த்து வைத்து அனுப்புவதால் இன்னும் கொஞ்ச நேரம் கூடுகிறது. செயற்கைக்கோள் வழியாக அனுப்பினாலோ நிலைமை இன்னும் மோசம். 36,000 கிலோமீட்டர் மேலே ஏறி அதே அளவு கீழே இறங்கவே கால் விநாடி ஆகிவிடும்.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. நாளை எவ்வளவு நல்ல கருவி வந்தாலும், இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு ஐயாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளவரோடு ஒரே அறையில் இருப்பதுபோல் தனி ஆவர்த்தனம் வாசிக்க முடியாது. இயற்கை போட்ட வேலி அது.

ஒருவர் பின் ஒருவராக

வேலியைத் தாண்ட முடியாவிட்டால் சுற்றிப் போகலாம் அல்லவா? இசைக் கலைஞர்கள் அப்படித்தான் செய்தார்கள். ஒரே நேரத்தில் வாசிப்பதற்குப் பதிலாக, ஒருவர் பாடிப் பதிவு செய்கிறார். அதைக் கேட்டுக்கொண்டே அடுத்தவர் வாசித்துத் தம் பகுதியை மட்டும் பதிவு செய்கிறார். பின்னர் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்க்கிறார்கள். அமெரிக்கக் கிதார் கலைஞர் லெஸ் பால் 1950-களின் தொடக்கத்தில் ஒலிநாடாவைக் கொண்டு இம்முறையை உலகறியச் செய்தார். இன்று நாடாவின் இடத்தை எண்கள் பிடித்துக்கொண்டன.

எண்கள் எப்படி ஒலியாகும்? ஒலிவாங்கியிலிருந்து வரும் மின் அலையின் உயரத்தை ஒரு விநாடிக்கு 44,100 முறை அல்லது 48,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாக எழுதி வைக்கிறார்கள். நம் காது ஏறத்தாழ 20,000 ஹெர்ட்சு வரையே கேட்கும். அதைப்போல் இருமடங்குக்குச் சற்று மேற்பட்ட முறை அளந்தால் ஒலியைக் குறைவின்றி மீட்டுவிடலாம் என்பது விதி. 24 பிட் அளவில், விநாடிக்கு 48,000 முறை அளந்தால், ஆறு நிமிட மிருதங்கம் சுமார் 52 மெகாபைட் எண்களாக மாறிவிடும். அதை இணையம் வழியே அனுப்பும்போது பத்து நிமிடம் தாமதமானாலும் கவலையில்லை. எண்கள் கெடாமல் போய்ச் சேர்ந்தால் போதும்.

தாளம் தவறியது யார்?

இனி என் மாணவன் கதைக்கு வருவோம். அவன் அரும்பாவூர்ச் சிற்பி ஒருவரின் மகன். தந்தையின் பட்டறையில் உளிச் சத்தத்தோடு வளர்ந்தவன், மிருதங்கம் கற்றவன். 2021-இல் கச்சேரிகள் எல்லாம் நின்றுபோயிருந்த காலம். இஸ்ரேலில் உள்ள ஒரு பாடகர் தம் எபிரேயப் பாடல் ஒன்றுக்கு மிருதங்கம் வேண்டும் என்று கேட்டு, பாட்டை அனுப்பினார். சேர்த்துக்கொண்டால் அந்தத் தொகுப்பின் மற்றப் பாடல்களுக்கும் அவனே வாசிப்பதாகப் பேச்சு.

பையன் அக்கறையாக உழைத்தான். எபிரேயத்துக்கு 22 எழுத்துகள். வலமிருந்து இடமாக எழுதுவார்கள். உயிரொலிகளைப் பெரும்பாலும் எழுதுவதே இல்லை. ஆகவே பாடலைக் கேட்டுக் கேட்டுத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டான். அப்போது ஒன்றைக் கவனித்தான். அம்மொழியில் பெரும்பாலான சொற்களின் கடைசி அசையில்தான் அழுத்தம் விழுகிறது. 'ஷாலோம்' என்னும் சொல்லில் 'லோம்' என்பதே ஓங்கி ஒலிக்கும். அதற்கேற்பத் தன் சொற்கட்டுகளை மாற்றி அமைத்தான்.

பட்டறை அடங்கிய இரவில், மின்விசிறியை நிறுத்திவிட்டு, கைப்பேசியில் பாட்டைக் காதுக்குள் கேட்டபடி வாசித்தான். பக்கத்தில் விலை குறைந்த ஒலிப்பதிவுக் கருவி ஒன்று மிருதங்கத்தைப் பதிவு செய்தது. அனுப்பினான். மூன்றாம் நாள் பதில் வந்தது: "தொடக்கம் அருமை. ஆனால் போகப் போகப் பின்தங்குகிறீர்கள். கடைசிச் சரணத்தில் கேட்க முடியவில்லை."

திரும்ப வாசித்தான். அதே பதில். மூன்றாம் முறையும் அதே பதில். தாளக்காரனிடம் "உனக்கு லயம் நிற்கவில்லை" என்பதைவிடப் பெரிய வசை உண்டா? என்னிடம் வந்து, "சார், என் கையில்தான் கோளாறு. இனி அப்பாவோடு பட்டறைக்கே போய்விடுகிறேன்" என்றான். பட்டறைக்குப் போவது இழிவன்று. ஆனால் தோற்றுப்போய்த் தலைகுனிந்து போகவேண்டுமா?

"தம்பி, முதலில் அளந்து பார்ப்போம், பிறகு அழலாம்" என்றேன்.

பாடலையும் மிருதங்கத்தையும் கணிப்பொறியில் முதல் அடி பொருந்தும்படி வைத்து, ஒவ்வொரு நிமிட முடிவிலும் பின்னடைவை அளந்தோம். முதல் நிமிட முடிவில் சுமார் 7 மில்லி விநாடி. மூன்றாம் நிமிட முடிவில் 20. ஆறாம் நிமிட முடிவில் 40. வரைபடத் தாளில் குறித்ததும் நான் சிரித்துவிட்டேன். ஏன் தெரியுமா? புள்ளிகள் ஒரு நேர்க்கோட்டில் அமைந்திருந்தன! மூன்று பதிவுகளிலும் அதே கோடு. மனிதக் கை தவறினால் ஒரு முறை முந்தும், ஒரு முறை பிந்தும். கோடு வளைந்து நெளியும். இப்படிச் சீராகத் தவறுவது பொறியின் குணம்.

ஒலியை அளக்கும் கருவிக்குள் ஒரு குவார்ட்சுப் படிகம் அதிர்ந்துகொண்டிருக்கிறது. கைக்கடிகாரத்தில் உள்ள படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிர்வதைப்போல, இதுவும் நேரத்தைக் காட்டும் கடிகாரமே. "இப்போது அள, இப்போது அள" என்று அது கட்டளையிடுகிறது. இப்படிகங்கள் எவையும் முற்றிலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. பையனின் கருவி சற்றே அவசரக்காரக் கடிகாரமாக இருந்தால், உண்மையான ஆறு நிமிடத்தில் கூடுதலான அளவுகளை எடுத்துவிடும். இஸ்ரேலில் உள்ள கணிப்பொறி அவற்றை விநாடிக்கு 48,000 என்ற கணக்கிலேயே ஒலிக்கச் செய்யும். அப்போது பாட்டு முடிந்த பிறகும் மிருதங்கம் முடியாது.

இதைச் சோதிக்க, சரியாக 360 விநாடி இடைவெளியில் இரண்டு "டிக்" ஒலிகள் உள்ள கோப்பு ஒன்றைச் செய்தோம். அதே கைப்பேசியில் ஒலிக்கவிட்டு, அதே கருவியில் பதிவு செய்தோம். இரண்டு ஒலிகளுக்கும் இடையே 1,72,80,000 அளவுகள் இருக்கவேண்டும். ஏறத்தாழ 1,920 அதிகமாக இருந்தன. 1,920-ஐ 48,000-ஆல் வகுத்துப் பாருங்கள்: 40 மில்லி விநாடி! பையனின் பின்னடைவு முழுவதும் அதற்குள் அடங்கிவிட்டது. இரு கருவிகளுக்கும் இடையே இருந்த வேறுபாடு 9,000-இல் ஒரு பங்குதான். கைக்கடிகாரமாக இருந்தால் நாளொன்றுக்கு 9.6 விநாடி பிழை. நாம் கவனிக்கவும் மாட்டோம். ஆனால் பாடலின் காலம் நிமிடத்துக்கு 80 அடி. அடிக்கு 750 மில்லி விநாடி. அதன் கால் பங்கு 187.5. அதில் 40 என்பது ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். பயின்ற காது இதை எப்படிப் பொறுக்கும்?

பதிவை 9,000-இல் ஒரு பங்கு சுருக்கி, வரைபடத்தையும் இணைத்து அனுப்பினோம். மறுநாள் பாடகரிடமிருந்து ஒரே சொல் பதிலாக வந்தது: "தோடா." எபிரேயத்தில் "நன்றி" என்று பொருள். அடுத்த பாடலும் உடன் வந்திருந்தது. அன்று முதல் பையன் பாட்டை ஒலிக்கவும் வாசிப்பைப் பதிவு செய்யவும் ஒரே கருவியையே பயன்படுத்துகிறான். கடிகாரம் ஒன்றாக இருந்தால் சண்டைக்கு இடமில்லை அல்லவா?

நீங்களே செய்து பாருங்கள்

பள்ளித் திடலிலோ ஏரிக்கரையிலோ நண்பனை 85 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். இருவர் கையிலும் தட்டும் கரண்டியும் இருக்கட்டும். இருவரும் கண்ணை மூடிக்கொண்டு, மற்றவரின் ஓசையை மட்டும் கேட்டு, சேர்ந்து தாளம் போட முயலுங்கள். இடைவெளி கால் விநாடி. இருபது தட்டுக்கு எத்தனை விநாடி ஆகிறது என்று மூன்றாம் நண்பன் குறிக்கட்டும். பிறகு 40 மீட்டர், 10 மீட்டர், 2 மீட்டர் என நெருங்கி வந்து செய்யுங்கள். தூரத்தையும் நேரத்தையும் வரைபடத் தாளில் குறியுங்கள். எந்தத் தூரத்தில் உங்கள் தாளம் தளர்வதை நிறுத்துகிறது என்பதை உங்கள் கோடே சொல்லும்.

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். "நீ தவறு செய்தாய்" என்று உலகம் சொல்லும்போது, அது உண்மையாகவும் இருக்கலாம்; பொய்யாகவும் இருக்கலாம். ஒப்புக்கொள்வதற்கு முன்னும் மறுப்பதற்கு முன்னும் ஒரு முறை அளந்து பார்த்துவிடுங்கள்.