குறட்டை அடங்கும் நேரம்

குறட்டை என்றாலே நமக்குச் சிரிப்புத்தான். கும்பகர்ணன் வேஷம் மேடைக்கு வந்துவிட்டால் குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். "மனுஷர் எவ்வளவு நிம்மதியாக நித்திரை செய்கிறார்!" என்று பொறாமைப்படுவோரும் உண்டு. அவர் பக்கத்தில் படுத்திருக்கும் மனைவியைக் கேட்டால் வேறு விதமாகச் சொல்லுவாள். அந்த முழக்கம் திடீரென்று அடங்கிவிடுகிறது. மார்பு அசைகிறது, மூச்சு மட்டும் வரவில்லை. பத்து விநாடி, இருபது விநாடி, சில சமயம் அதற்கும் மேல். அவள் எழுந்து உட்கார்ந்து தோளை உலுக்கலாமா என்று எண்ணும்போது, ஒரு திணறல், மறுபடியும் குறட்டை. பொழுது விடிந்தால் அவருக்கு ஒன்றும் ஞாபகமிராது.

வைத்தியர்கள் இதை 'ஸ்லீப் ஆப்னியா' என்பார்கள். தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து, நாக்கும் மெல்லண்ணமும் பின்னுக்குச் சரிந்து, காற்று வழியை அடைத்துவிடுகின்றன. இரத்தத்தில் பிராணவாயு குறைகிறது. மூளை அலறிக்கொண்டு விழித்து வழியைத் திறக்கிறது. வியாதி முற்றினவர்களுக்கு இது மணிக்கு 30 தடவைக்கு மேலும் நேரும். அப்புறம் பகலில் தலைவலியும் தூக்கமும் ஏன் வரமாட்டா? இரத்த அழுத்தம் ஏறுகிறது, இருதயம் களைக்கிறது. இப்படிப்பட்டவர் மோட்டார் ஓட்டினால் ஆபத்து அவரோடு நிற்பதில்லை.

ஸ்தூல சரீரிகளுக்கே இது அதிகம் என்பது உண்மை. ஆனால் தாடை சிறுத்த ஒல்லியானவர்களுக்கும், மாதவிடாய் நின்ற ஸ்திரீகளுக்கும், டான்ஸில் வீங்கிய குழந்தைகளுக்கும் வருவதுண்டு.

1960-களிலேதான் ஐரோப்பிய ஆராய்ச்சியாளர் இந்த மூச்சு நிற்கும் சங்கதியைக் கண்டறிந்தனர். அக்காலத்தில் கடுமையான நோயாளிக்குக் கழுத்தில் துவாரமிடுவதே பரிகாரம். 1981-ல் ஆஸ்திரேலியாவில் ஸிட்னி நகரத்து டாக்டர் காலின் ஸல்லிவன், மூக்கின் மேல் கவசம் வைத்து இடைவிடாமல் காற்றைச் செலுத்தி, தொண்டை மூடாமல் தாங்கும் உபாயத்தை வெளியிட்டார். கத்தியின்றிக் காற்றாலேயே காரியம் முடிந்தது! இன்றும் பிரதான சிகிச்சை அதுவே.

உடல் இளைப்பதும், ஒருக்களித்துப் படுப்பதும், மதுவை விடுவதும் உதவும். தாமாகவே தூக்க மாத்திரை விழுங்குவது விபரீதம். ஓர் இரவுப் பரிசோதனையில் நோய் தெரிந்துவிடும். அதற்கான சிறு கருவியை வீட்டிலேயே பூட்டிக்கொள்ளவும் வசதி உண்டு. வைத்தியரிடம் போகையில் மனைவியையும் அழைத்துச் செல்வது உத்தமம். நடந்ததற்குச் சாட்சி அவள் ஒருத்திதானே.

கவசத்தை முதல் வாரத்திலேயே மூலையில் எறிகிறவர்கள் பலர். மூக்கு வறள்கிறதென்றால் காற்றை ஈரமாக்கும் ஏற்பாடு உண்டு. அளவு பொருந்தாவிட்டால் வேறு கவசம் கேட்டு வாங்கலாம். அணிந்த இரவுகளுக்கு மட்டுமே அது பலன் தரும்.