'2036-ஆம் ஆண்டில் இருந்து வந்தேன்': காலப் பயணிகளின் கூற்றுகளைச் சோதிப்பது எப்படி?

எதிர்காலத்தில் இருந்து வந்திருப்பதாகக் கூறிக்கொண்டு, போர், நிலநடுக்கம், வேற்றுக்கிரகவாசிகளின் வருகை எனத் தேதி குறித்து எச்சரிக்கும் காணொளிகள் சமூக ஊடகங்களில் அடிக்கடி பரவி வருகின்றன. குறித்த தேதி கடந்ததும் அவை மறக்கப்படுகின்றன. புதிய தேதியுடன் புதிய காணொளி வந்துவிடுகிறது.

இத்தகைய கூற்றுகளில் உலக அளவில் அதிகம் விவாதிக்கப்பட்டது, 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிப்பட்ட 'ஜான் டைட்டர்' விவகாரம் ஆகும். அவர் குறிப்பிட்ட ஆண்டுகளில் பெரும்பாலானவை கடந்துவிட்டன. எனவே, எதிர்காலத்தை அறிந்ததாகக் கூறும் ஒருவரின் நம்பகத்தன்மையை எவ்வாறு மதிப்பிடுவது என்பதற்கு அது தக்க எடுத்துக்காட்டாக அமைந்துள்ளது.

யார் இந்த ஜான் டைட்டர்?

2000-ஆம் ஆண்டு நவம்பர் மாதம், காலப் பயணம் குறித்து விவாதிக்கும் அமெரிக்க இணையதளம் ஒன்றில் அடையாளம் தெரியாத ஒருவர் எழுதத் தொடங்கினார். அடுத்த சில மாதங்களில் ஜான் டைட்டர் என்ற பெயரில் அவர் பரவலாக அறியப்பட்டார்.

தாம் 2036-ஆம் ஆண்டைச் சேர்ந்த ராணுவ வீரர் என்றும், ஃப்ளோரிடா மாகாணத்தில் உள்ள டாம்பா பகுதியில் பணியாற்றுபவர் என்றும் அவர் கூறினார். 1975-ஆம் ஆண்டுக்குச் சென்று 'ஐபிஎம் 5100' என்ற கணினியைப் பெற்று வருவதே தமக்கு இடப்பட்ட பணி என்றும், குடும்பத்தினரைக் காண்பதற்காக இடையில் 2000-ஆம் ஆண்டில் தங்கியிருப்பதாகவும் அவர் தெரிவித்தார்.

கால இயந்திரம் தமது காரில் பொருத்தப்பட்டிருப்பதாகக் கூறி, அதன் படங்களையும் வரைபடங்களையும் வெளியிட்டார். இயற்பியல் முதல் அன்றாட உணவு வரை கேட்கப்பட்ட பல்வேறு கேள்விகளுக்குப் பதிலளித்தார். 2001-ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் விடைபெற்றுக்கொண்டார். அவருடைய எழுத்துகள் 2003-ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தன. ஜப்பானில் 2009-ஆம் ஆண்டு வெளியான 'ஸ்டெயின்ஸ் கேட்' என்ற கணினி விளையாட்டின் கதையும் இவரை அடியொற்றியே அமைந்தது.

நம்பியவர்கள் முன்வைத்த சான்று என்ன?

டைட்டரை நம்பியவர்கள் முதலில் சுட்டிக்காட்டுவது ஐபிஎம் 5100 கணினியைத்தான். 1975-ஆம் ஆண்டில் அறிமுகமான இக்கணினி, அந்நிறுவனத்தின் பெரிய கணினிகளுக்காக எழுதப்பட்ட நிரல்களையும் இயக்கும் திறன் பெற்றிருந்தது. இந்தத் திறன் பொதுமக்களிடையே பரவலாக அறியப்பட்டிருக்கவில்லை. டைட்டர் இதனைக் குறிப்பிட்டிருந்தார். பின்னர், அக்கணினியை உருவாக்கிய குழுவில் இருந்த பொறியாளர் ஒருவரும் அப்படி ஒரு திறன் இருந்ததை உறுதி செய்தார்.

அக்கணினி எதற்காகத் தேவைப்பட்டது என்பதற்கு அவர் கூறிய காரணத்திலும் உண்மையின் ஒரு பகுதி இருந்தது. யூனிக்ஸ் வகைக் கணினிகள் 1970-ஆம் ஆண்டு ஜனவரி 1-ஆம் தேதி முதல் கடந்த விநாடிகளை எண்ணி நேரத்தைக் கணக்கிடுகின்றன. 32 பிட் அளவில் எண்ணும் பழைய கணினிகளில் இந்த எண்ணிக்கை 2038-ஆம் ஆண்டு ஜனவரி 19-ஆம் தேதி எல்லையை எட்டும். அதனைச் சீர்செய்யவே பழைய கணினி தேவைப்படுவதாக டைட்டர் கூறினார்.

இச்சான்றைப் புறக்கணிக்கத் தேவையில்லை. ஆனால் அது எதனை நிறுவுகிறது என்பதே கேள்வி. அக்கணினியின் திறன் 1975-ஆம் ஆண்டிலேயே அதனை வடிவமைத்தவர்களுக்குத் தெரியும். 2038 சிக்கலும் 2000-ஆம் ஆண்டுக்கு முன்பே நிரலாளர்கள் அறிந்திருந்த ஒன்றுதான். ஆகவே, எழுதியவருக்குக் கணினித் துறையில் நல்ல அறிமுகம் இருந்தது என்பதை மட்டுமே இச்சான்று காட்டுகிறது. அரிய தகவல் வேறு, எதிர்காலத் தகவல் வேறு.

கணிப்புகள் என்ன ஆயின?

டைட்டரின் கணிப்புகளில் முதன்மையானது அமெரிக்க உள்நாட்டுப் போர். 2004-05 ஆண்டுகளில் அது தொடங்கும் என்றும், 2008-ஆம் ஆண்டுக்குள் அனைவரும் உணரும் அளவுக்குத் தீவிரமடையும் என்றும் அவர் எழுதினார். 2015-ஆம் ஆண்டில் ரஷ்யா அமெரிக்க நகரங்கள் மீது அணுகுண்டுகளை வீசும் என்றும் கூறினார். 2004-ஆம் ஆண்டுக்குப் பின் ஒலிம்பிக் போட்டிகள் நடைபெறாது என்பதும் அவரது கணிப்பு.

இவற்றில் எதுவும் நிகழவில்லை. 2006-ஆம் ஆண்டில் இத்தாலியின் டூரின் நகரில் குளிர்கால ஒலிம்பிக்கும், 2008-ஆம் ஆண்டில் பெய்ஜிங்கில் கோடைக்கால ஒலிம்பிக்கும் நடைபெற்றன. 2015-ஆம் ஆண்டு அணு ஆயுதப் போர் இன்றிக் கடந்தது. மாறாக, அவர் விடைபெற்ற ஆறு மாதங்களுக்குள், 2001-ஆம் ஆண்டு செப்டம்பர் 11-ஆம் தேதி நியூயார்க் உலக வர்த்தக மையம் மீது நிகழ்ந்த தாக்குதலை அவர் முன்னறிவிக்கவில்லை.

ஆதரவாளர்கள் இராக் போரைச் சுட்டிக்காட்டுகின்றனர். இராக்கிடம் அணு ஆயுதம் உள்ளது என்பது உண்மையா, அல்லது அடுத்த போருக்கு மக்களைத் தயார்ப்படுத்தும் பொய்யா என்ற பொருளில் டைட்டர் ஒரு கேள்வி எழுப்பியிருந்தார். 2003-ஆம் ஆண்டு மார்ச் மாதம் போர் தொடங்கியதும் இது பலித்த கணிப்பாகப் பார்க்கப்பட்டது. ஆனால் அவர் எழுதியது கேள்வி வடிவில் இருந்தது. இரண்டில் எது நடந்திருந்தாலும் அது பலித்ததாகவே தோன்றியிருக்கும். தவறாக முடியாத ஒரு கூற்றைச் சரியான கணிப்பு என்றும் சொல்ல இயலாது.

'வேறு உலகம்' என்ற விளக்கம்

தமது கணிப்புகள் பொய்த்தால் என்ன செய்வது என்பதற்கும் டைட்டர் முன்கூட்டியே விளக்கம் வைத்திருந்தார். ஒவ்வொரு நிகழ்வின் எல்லா வாய்ப்புகளும் தனித்தனி உலகங்களாகப் பிரிகின்றன என்றும், தமது உலகுக்கும் இந்த உலகுக்கும் இடையே சுமார் 2 சதவீத வேறுபாடு இருக்கக்கூடும் என்றும் அவர் கூறினார்.

அமெரிக்க இயற்பியலாளர் ஹியூ எவரெட் 1957-ஆம் ஆண்டில் முன்வைத்த குவாண்டம் விளக்கம் இத்தகைய பல உலகக் கருத்துக்கு அடிப்படையாக உள்ளது. அறிவியல் உலகில் இன்றும் விவாதிக்கப்படும் கருத்து அது. எனினும், ஓர் உலகில் இருந்து மற்றோர் உலகுக்கு மனிதர் சென்று வரலாம் என்று அது கூறவில்லை.

இந்த விளக்கத்தை ஏற்றுக்கொண்டாலும் டைட்டருக்குப் பயன் இல்லை. பலித்தவை அவரது நேர்மைக்குச் சான்று, பொய்த்தவை உலகங்களின் வேறுபாட்டுக்குச் சான்று என்றால், அவரது கூற்றை எந்த நிகழ்வாலும் மறுக்க முடியாது. மறுக்கவே வழியில்லாத கூற்றுக்கு ஆதரவாக எந்த நிகழ்வையும் காட்டவும் முடியாது. அவரது உலகின் வரலாறு நமக்குப் பொருந்தாது என்றால், அவரது எச்சரிக்கைகளும் நமக்கு உரியவை அல்ல.

அறிவியல் என்ன சொல்கிறது?

காலப் பயணம் என்ற சொல்லே அறிவியலுக்குப் புறம்பானது அன்று. வேகமும் ஈர்ப்பு விசையும் காலத்தின் ஓட்டத்தை மாற்றும் என்று ஐன்ஸ்டைனின் சார்பியல் கோட்பாடு கூறுகிறது. 1971-ஆம் ஆண்டில் அணுக் கடிகாரங்களைப் பயணிகள் விமானங்களில் ஏற்றி உலகைச் சுற்றி வரச் செய்த சோதனையில் இது உறுதியானது. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் கடிகாரங்கள் தரையில் உள்ளவற்றைவிட நாளொன்றுக்குச் சுமார் 38 மைக்ரோ விநாடிகள் முந்துகின்றன. இதனைத் திருத்தாவிட்டால் கைபேசி வரைபடம் காட்டும் இடமே தவறிவிடும்.

சர்வதேச விண்வெளி நிலையத்தில் ஆறு மாதங்கள் தங்கும் வீரர், பூமியில் இருப்பவர்களைவிட ஒரு விநாடியில் ஆயிரத்தில் சில பங்கு குறைவாகவே முதுமை அடைகிறார். அந்த அளவுக்கு அவர் எதிர்காலத்துக்குச் சென்றிருக்கிறார் எனலாம். ஆனால் கடந்த காலத்துக்குத் திரும்புவது வேறு சிக்கல். அதனைச் சில கணிதத் தீர்வுகள் அனுமதிப்பதாக 1949-ஆம் ஆண்டில் கர்ட் கோடல் காட்டினார். இயற்கை விதிகள் அதனைத் தடுக்கும் என்று 1992-ஆம் ஆண்டில் ஸ்டீபன் ஹாக்கிங் கருதுகோள் ஒன்றை முன்வைத்தார். சோதனையில் இதுவரை எவரும் பின்னோக்கிச் சென்றதில்லை.

தேடிப் பார்த்த விஞ்ஞானிகள்

காலப் பயணிகளை நேரடியாகத் தேடிய முயற்சிகளும் உண்டு. 2009-ஆம் ஆண்டு ஜூன் 28-ஆம் தேதி ஹாக்கிங் ஒரு விருந்துக்கு ஏற்பாடு செய்தார். அழைப்பிதழை விருந்து முடிந்த பிறகே வெளியிட்டார். எதிர்காலத்தில் அதனைப் படிப்பவர் மட்டுமே பின்னோக்கி வந்து கலந்துகொள்ள முடியும் என்பது ஏற்பாடு. எவரும் வரவில்லை.

2013-ஆம் ஆண்டில் மிச்சிகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் நெமிராஃப், தெரசா வில்சன் ஆகியோர் இணையத்தில் தேடினர். 'ஐசான்' வால் நட்சத்திரம் 2012-ஆம் ஆண்டு செப்டம்பரில் கண்டறியப்பட்டது. 'போப் பிரான்சிஸ்' என்ற பெயர் 2013-ஆம் ஆண்டு மார்ச்சில் அறிவிக்கப்பட்டது. இப்பெயர்களை அந்தத் தேதிகளுக்கு முன்பே எவரேனும் எழுதியுள்ளனரா என்று அவர்கள் ஆராய்ந்தனர். எதிர்கால அறிவைக் காட்டும் பதிவு எதுவும் கிடைக்கவில்லை. இதனால் காலப் பயணம் இயலாது என்று நிறுவப்பட்டுவிடவில்லை. ஆனால் உண்மையான சான்று எப்படி இருக்க வேண்டும் என்பதை அத்தேடல் தெளிவாக்கியது.

கற்பனை செய்தியாகும் விதம்

பல நேரங்களில் 'காலப் பயணி' என்பவரே இருப்பதில்லை. 2003-ஆம் ஆண்டில், 800 டாலரைப் பங்குச் சந்தையில் 35 கோடி டாலராக்கிய காலப் பயணி கைது என்ற செய்தி உலகெங்கும் பரவியது. அது கற்பனைச் செய்திகளுக்குப் பெயர்பெற்ற 'வீக்லி வேர்ல்ட் நியூஸ்' என்ற அமெரிக்க இதழில் வந்த கதை. செய்தி கைமாறும்போது இதழின் பெயர் உதிர்ந்துபோனது. ஸ்வீடனில் ஒருவர் சமையலறைத் தொட்டியின் அடியில் நுழைந்து 72 வயதான தம்மையே சந்தித்ததாகக் கூறும் காணொளி, ஓய்வூதிய நிறுவனம் ஒன்றின் விளம்பரம்.

இழப்பு யாருக்கு?

இவை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட இயலாது. எதிர்காலத்தை அறிந்ததாகக் கருதப்படும் கூற்றுகள் மக்களின் முடிவுகளை மாற்றுகின்றன. ஜப்பானில் கனவுகளை அடிப்படையாகக் கொண்டு 1999-ஆம் ஆண்டில் வெளியான மாங்கா நூல் ஒன்றின் அட்டையில், 2011-ஆம் ஆண்டு மார்ச் மாதம் பேரழிவு என்ற குறிப்பு இருந்தது. அதே மாதம் சுனாமி தாக்கியதால் அந்நூல் புகழடைந்தது. 2021-ஆம் ஆண்டின் மறுபதிப்பு 2025-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தைக் குறிப்பிட்டது.

அந்த மாதம் நெருங்கியபோது ஹாங்காங்கில் இருந்து ஜப்பான் செல்லும் சுற்றுலாப் பயணிகளின் முன்பதிவு குறைந்தது. சில விமானச் சேவைகளும் குறைக்கப்பட்டன. நாள், இடம், அளவு ஆகியவற்றைக் குறிப்பிட்டு நிலநடுக்கத்தை முன்கூட்டியே சொல்ல இயலாது என்று ஜப்பான் வானிலை ஆய்வு முகமை விளக்க வேண்டியதாயிற்று. கணிக்கப்பட்ட பேரழிவு நிகழவில்லை. ஆனால் சுற்றுலாவை நம்பியிருந்தவர்களுக்கு ஏற்பட்ட இழப்பு உண்மையானது.

எவ்வாறு சோதிப்பது?

எதிர்காலத்தை அறிந்ததாக ஒருவர் கூறும்போது சில கேள்விகளைக் கேட்கலாம். கணிப்பு நிகழ்வுக்கு முன்பே வெளியானதற்குத் தேதியுடன் பதிவு உள்ளதா? எது நடந்தால் அது தவறு என்று ஒப்புக்கொள்ளப்படும்? அதே தகவலை அன்றே வேறு வழியில் அறிந்திருக்க முடியுமா? பலித்தவற்றுடன் பொய்த்தவையும் எண்ணப்படுகின்றனவா? அதனைப் பரப்புவதால் யாருக்குப் பார்வையாளர்களோ பணமோ கிடைக்கிறது?

முதல் கேள்வியில் டைட்டர் தேறினார் என்பதைக் குறிப்பிட வேண்டும். இன்றைய காணொளிகள் பலவற்றைப் போல் அல்லாமல், அவர் ஆண்டுகளைக் குறிப்பிட்டு எழுதினார். அதனால்தான் அவரது கூற்றைச் சோதிக்கவும் முடிந்தது. மற்ற கேள்விகளில் அவர் தோற்றார்.

அவரது கதையில் உறுதியாக நிற்கும் எதிர்காலத் தேதி ஒன்று உண்டு. இந்திய நேரப்படி 2038-ஆம் ஆண்டு ஜனவரி 19-ஆம் தேதி காலை 8.44 மணிக்குப் பழைய 32 பிட் எண்ணிக்கை முடிவடையும். அதனை எதிர்கொள்ளும் வகையில் கணினிகள் 64 பிட் முறைக்கு மாற்றப்பட்டு வருகின்றன. அந்தத் தேதியை அறிய எதிர்காலத்தில் இருந்து எவரும் வர வேண்டியிருக்கவில்லை. கணக்குப் போட்டாலே போதுமானதாக இருந்தது.